தூக்க நாலு பேர்

பனையடி வீதிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் பயமே கிடையாது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. எங்கள் நகரத்தில் உப்பளம் என்கிற பகுதியில் வாய்க்காலை ஒட்டிப் பள்ளத்தில் கிடக்கிற தெரு அது. கார்த்திகை மழையில் வருஷா வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுப்பார்கள், சிலிண்டரைத் தூக்கி மேடைமேல் வைப்பார்கள், அப்புறம் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள். "எங்களுக்கு இதெல்லாம் பழக்கம் மேடம்" என்பார்கள். முழங்கால் தண்ணீர் பழக்கம்தான். கழுத்துவரை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இந்தப் பெண்ணுக்கு என்ன கஷ்டமோ என்கிற மாதிரி என்னைப் பார்ப்பார்கள்.

நான் சுமலதா. நகராட்சியில் ஜே.இ., அதாவது இளநிலைப் பொறியாளர். சொந்த ஊர் பாகூர்ப் பக்கம், குடியிருப்பது முத்தியால்பேட்டையில். அந்த வருஷம் தெருத் தெருவாகப் பேரிடர் திட்டம் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. உப்பளம் என் தலையில் விழுந்தது. தண்ணீர் முதலில் எங்கே ஏறும், யாரை முதலில் வெளியேற்றுவது, எந்த மேட்டில் தங்கவைப்பது, யார் சோறு ஆக்குவது, எல்லாவற்றையும் மழைக்கு முன்னாலேயே யோசித்து வைத்துவிட வேண்டும். நல்ல காரியம்தான். மேடு சுலபமாகக் கிடைத்தது. தெரு முனையில் மாதா கோயிலும் அதையொட்டிப் பள்ளிக்கூடமும், இரண்டுமே படியேறிப் போகிற உயரமான கட்டடங்கள். சோறு ஆக்கவும் ஆள் கிடைத்தார்கள். எழுந்து வருவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அதிலும் எனக்குப் பெரிய தலைவலி விக்டர் முசியே. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அதனால் தெருவே ஐயா என்பதைப் பிரெஞ்சில் முசியே என்று கூப்பிடும். பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கை கால் விழுந்துவிட்டது. ஆள் நல்ல ஆஜானுபாகு, படுத்தே இருந்து இன்னும் கனம் ஏறியிருந்தார். மனைவி இல்லை. ஒரே மகள் மெரின், தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஐஸ் பிளாண்டில் வேலை. அவள் ஒருத்தியால் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியும், அவ்வளவுதான்.

முதல்முறை அவர் வீட்டுக்குப் போனபோது, "மேரிலேந்து வந்திருக்கியா?" என்றார். பழைய ஆட்களுக்கு நகராட்சி இன்னும் மேரிதான், பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர்.

"ஆமாங்கய்யா. வெள்ளம் வந்தா உங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கினு போகணும். அதுக்கு ஏற்பாடு பண்ண வந்தேன்."

"தூக்கறதுக்கு நாலு பேர் வேணுமே. கெடைச்சாங்களா?"

கிடைக்கவில்லை. அதைத்தான் தெரு முழுக்கக் கேட்டு அலுத்துப்போய் வந்திருந்தேன். எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் வெற்றிச்செல்வன் இடுப்பு வலி என்றார். ஒருத்தர் மழை நேரத்தில் ஊரில் இருப்பேனோ என்னவோ என்றார். இன்னொருத்தர், "வரும்போது பாத்துக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினார். இதை எப்படி அவரிடம் சொல்வது என்று நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு முசியேவே சிரித்தார்.

"செத்தா வருவானுங்கம்மா. கூப்புடாமலே வருவானுங்க. உசுரோட இருக்கிறவன தூக்கறதுக்குத்தான் ஆளில்ல."

மெரின் உள்ளேயிருந்து, "சும்மா இருப்பா" என்று அதட்டினாள். எனக்கு அந்த வீட்டை விட்டு வரவே மனசில்லை. ஒரு தெரு நிறைய ஆம்பளைகள் இருந்தும் ஒரு மனிதரைத் தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை என்பது என்ன திட்டம், என்ன பொறியியல்.

ஒத்திகை நடத்தினோம். சைரன் வைத்த வண்டி தெருவுக்குள் வந்தது. பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள், நாய்கள் கூடவே ஊளையிட்டன, ஒரு வீட்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு ஆள் பள்ளிக்கூடத்துப் பக்கம் நகரவில்லை. கமிஷனர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அப்போதுதான் கோயில் மணி ஞாபகம் வந்தது. கரண்ட் தேவையில்லை, பேட்டரி தேவையில்லை, கயிற்றை இழுத்தால் உப்பளம் முழுக்கக் கேட்கும். பங்குச் சாமியார் அருள்பிரகாஷிடம் கேட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உடனே சம்மதித்தார். பூசை மணி வேகமாக அடிக்கும், ஆகவே வெள்ள மணி வேறு மாதிரி இருக்கட்டும், மெதுவாக மூன்று அடி, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று அடி என்று நானும் அவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். எனக்கு ரொம்பப் பெருமை. மணி அடிக்கிற உபதேசியார் தன் மகளின் பிரசவத்துக்காகக் காரைக்கால் போயிருந்ததால், இரண்டாவது ஒத்திகையன்று கயிற்றை நானே இழுத்தேன்.

பாகூரில் பிறந்த எனக்கும் தூத்துக்குடியில் பிறந்த அவருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் கோயிலில் மெதுவாக மூன்று மூன்றாக அடித்தால் அது துக்க மணி. தெருவில் யாரோ ஓர் ஆம்பளை இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

அரை நிமிஷத்தில் கதவுகள் திறந்தன. சைரனுக்கு அசையாத தெரு, அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு இறங்கி வந்தது. நான் மணிக்கூண்டுக்குக் கீழேயிருந்து பார்த்துப் பூரித்துப் போனேன். வருகிறார்கள், வருகிறார்கள். ஆனால் கூட்டம் கோயிலுக்கு வராமல் பாதியில் நின்று, விக்டர் முசியே வீட்டுக்குள் நுழைந்தது. தெருவில் நோயாளி அவர்தானே. முதலில் நுழைந்தது இடுப்பு வலிக்காரர் வெற்றிச்செல்வன், சட்டை பட்டன்கூடப் போடவில்லை. உள்ளே முசியே சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாராம். வந்தவர்களைப் பார்த்து, "யாருக்குடா?" என்று கேட்டாராம். அப்புறம்தான் செத்தது யார் என்று விசாரிக்க மொத்தத் தெருவும் கோயில் வாசலுக்கு வந்தது.

கமிஷனருக்கு ஒரே சந்தோஷம். நூற்றுக்கு நூறு. மறுநாள் பேப்பரில் படம் வந்தது. ஒத்திகையில் பொதுமக்கள் உணர்வுபூர்வமாகப் பங்கேற்றனர் என்று அடியில் போட்டிருந்தார்கள். படத்தில் எல்லோர் முகமும் அழுதுகொண்டிருந்தது.

அந்தப் படத்தில் மெரின் இல்லை. யாரோ போன் செய்து, "உங்க தெருவுல மணி அடிக்குது, சீக்கிரம் வா" என்று சொல்லியிருக்கிறார்கள். தேங்காய்த்திட்டிலிருந்து ஸ்கூட்டியில் அழுதுகொண்டே வந்து, வீட்டு வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். அப்பா உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் கோயிலுக்கு வந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"யாரக் கேட்டு அடிச்சீங்க?" என்று என் முகத்துக்கு நேரே வந்து கேட்டாள். "வழியெல்லாம் எங்கப்பாவ நான் பொதைச்சிட்டேன் மேடம். பாலம் தாண்டறதுக்குள்ள பொதைச்சிட்டேன்."

கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் அதைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஃபாதர் மன்னிப்புக் கேட்டார். மணி இனிமேல் எந்த ஒத்திகைக்கும் கிடையாது என்று அறிவித்தார். என் திட்டத்தில் மறுபடியும் சைரன்தான் மிஞ்சியது.

கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. வந்தது போகவில்லை, கரைக்குப் பக்கத்தில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. முந்தைய நாளிலிருந்து மழை ஒரே சீராக ஊற்றிக்கொண்டிருந்தது. காலையில் வாய்க்கால் முகத்துவாரத்துக்குப் போய்ப் பார்த்தேன். கடல் ஏறிவந்து வாய்க்கால் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. மேற்கே ஏரிகள் நிரம்பி வழிந்து, அந்தத் தண்ணீரும் இந்த வாய்க்காலுக்குத்தான் வர வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடம் பனையடி வீதி. சாயங்காலத்துக்குள் அங்கே கூரை மட்டும்தான் தெரியும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

ஆபத்து வேண்டாம் என்று கரண்டை நிறுத்தியிருந்தார்கள். தெரு முனையில் வேப்ப மரம் சாய்ந்து சைரன் வண்டி உள்ளே வர வழியில்லை. நானும் இரண்டு ஊழியர்களும் குடையை எறிந்துவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். வழக்கம்போலச் செங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "சாய்ந்தரம் பாக்கலாம் மேடம்." "வீட்ட வுட்டுட்டு எங்க போறது?" "போன தடவையும் இப்பிடித்தான் சொன்னாங்க, ஒண்ணும் வரல." வெற்றிச்செல்வன் ஆட்டோவைக் கயிறு போட்டுத் தூணில் கட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தினேன், கெஞ்சினேன். ஒரு வீட்டில் அழுதேவிட்டேன். அந்த அம்மா என் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தாள், கிளம்பவில்லை.

கடைசியாக முசியே வீடு. தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. மெரின் கட்டில் தலைமாட்டில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள் போல, தூக்க ஆள் வரவில்லை. ஒத்திகையில் மணி அடித்த அன்றைக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசியதே இல்லை.

"நீ கெளம்பு, நான் இருக்கேன்னு சொன்னா கேக்க மாட்டறா" என்றார் முசியே. "எல்லாரும் போறாங்களா?"

"யாருமே போகலைங்கய்யா."

முசியே என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அன்னைக்கி அடிச்சியே ஒரு மணி. அத அடி."

"அது வேணாங்கய்யா. பொய்யி."

"இன்னா பொய்யி? எனக்கு ரெண்டு தடவ அவஸ்தப் பூசுதல் குடுத்தாச்சி. சாகப் போறவனுக்குப் பூசற எண்ணெய ரெண்டு தடவ பூசிட்டாங்க, மணி மட்டுந்தான் பாக்கி. யாருன்னு கேட்டா விக்டருன்னு சொல்லு. அன்னைக்கி எப்பிடி வந்தானுங்க பாத்தல்ல? அப்பிடியே வருவானுங்க. வந்தவங்கள அப்பிடியே இட்டுக்கினு போயிடு."

மெரின் சட்டென்று அழ ஆரம்பித்தாள். "வேணாம்பா. இன்னைக்கி பொய்யா அடிச்சா, நாளைக்கி நீ நெஜமாவே போறப்ப யாருப்பா வருவாங்க? ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. நான் ஒருத்தியா ஒன்ன வெச்சிக்கினு இன்னா பண்ணுவேன்?"

"வராட்டி போறாங்க. நான் பாக்கவா போறேன்?"

"நான் பாப்பேன்லப்பா."

தெருவைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் அதற்கு விலை இந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் வரப்போகிற துக்கம். அதை எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? கட்டாயப்படுத்த மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போதே தண்ணீர் என் கெண்டைக்காலைத் தொட்டது.

முசியே அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "நீ என்ன வுட்டுட்டு போவ மாட்ட. அது எனக்குத் தெரியும். அப்ப நீயும் இங்கயேதான் போயிடுவ. ஒன்ன யாரும்மா தூக்குவாங்க?"

மெரின் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வாங்க மேடம்" என்றாள்.

ஃபாதர் முதலில் மறுத்தார். உயிரோடு இருப்பவருக்குத் துக்க மணி அடிக்க முடியாது, சபையிடம் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். மெரின், "எங்கப்பா கேக்கறாரு ஃபாதர். நானும் கேக்கறேன்" என்றாள். அவர் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தார். செருப்புகளும் ஒரு பிளாஸ்டிக் குடமும் மிதந்து வந்துகொண்டிருந்தன. போய்க் கயிற்றைப் பிடித்தார். "பாவம் என்மேல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இழுத்தார்.

நாங்கள் முசியே வீட்டுக்குத் திரும்பும்போதே கதவுகள் திறந்துவிட்டன. கொட்டுகிற மழையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். வயசானவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். ஒரு வீட்டில்கூட ஆள் தங்கவில்லை. இறந்தவர் வீட்டுக்குப் போகாமல் கதவடைத்துக்கொண்டு இருப்பது அந்தத் தெருவில் எவருக்கும் தெரியாத விஷயம். இத்தனை நாள் இவர்களை எத்தனை திட்டியிருக்கிறேன்.

வெற்றிச்செல்வனும் இன்னும் மூன்று பேரும் வாசலில் தண்ணீருக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கட்டிலில் முசியே கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார்.

"இன்னாடா, இடுப்பு வலி போயிடுச்சா?"

வெற்றிச்செல்வன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். முகம் கறுத்துப் போயிற்று. இன்னொருத்தர் என்னைப் பார்த்துக் கெட்ட வார்த்தையே சொல்லிவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன்.

"அவள ஏண்டா திட்றீங்க, நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார் முசியே. "தண்ணி வந்துக்கினு இருக்குது. வந்ததுதான் வந்துட்டீங்க. இப்பவே தூக்கிடுங்க, நெஜமா செத்தப்புறம் எதுக்கு?"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வெற்றிச்செல்வன்தான் முதலில் குனிந்தார். கட்டிலோடு தூக்கித் தோளில் வைத்தார்கள். மழைக்குத் தார்ப்பாயைப் போர்த்தினாள் மெரின். கட்டில் வெளியே வந்ததும், வாசலில் நின்ற கூட்டம் வழிவிட்டு ஒதுங்கி, எப்போதும் போல் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மெரின் முன்னால் நடந்தாள். மணி மூன்று மூன்றாக விழுந்துகொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்துப் படியேறி, வராந்தாவில் கட்டிலை இறக்கி, தார்ப்பாயை விலக்கி, அவர் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லும்வரை பாதித் தெருவுக்கு அவர் உயிரோடு இருப்பதே தெரியாது.

சத்தம் போட்டார்கள், திட்டினார்கள், இரண்டு பேர் வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன் என்று படி இறங்கினார்கள். இறங்கினவர்கள் தொடைவரை நனைந்து திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் பனையடி வீதியில் ஜன்னல்கள் தெரியவில்லை. டிவி, பீரோ, ஆட்டோ எல்லாம் போயிற்று. ஆள் ஒருத்தரும் போகவில்லை.

அதற்காக மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உயிரோடு இருப்பவனுக்கு மணி அடித்த கதை ரொம்ப நாள் ஓடியது. வெள்ளத்துக்கு இனி கால் மணி நேரம் விடாமல் அடிப்பது என்று ஃபாதரும் நாங்களும் சேர்ந்து முடிவு செய்து, கூட்டம் போட்டுச் சொன்னோம். தலையாட்டினார்கள். ரேஷன் கார்டையும் மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டி வைக்கச் சொன்னோம், அதையும் செய்தார்கள். மெரின் மட்டும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலையில் அவள் போன் செய்தாள். "அப்பா போயிட்டாரு மேடம். தூக்கத்துலயே." அப்புறம் சொன்னாள், "மணி அடிக்கப் போறாங்க. யாரும் வரலன்னா நீங்களாச்சும் வாங்க."

நான் போய் வண்டியை நிறுத்தும்போது மணி ஆரம்பித்துவிட்டது. மூன்று, நிறுத்தி, மூன்று. தெரு அப்படியே கிடந்தது. ஒரு கதவு திறக்கவில்லை. மெரின் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தப் பெண்ணிடம் நாங்கள் வாங்கிக்கொண்டதை எப்படித் திருப்பித் தரப் போகிறோம் என்று நினைத்தேன்.

பிறகு எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வெற்றிச்செல்வன் வெளியே வந்து கதவைப் பூட்டினார், பூட்டை இழுத்துப் பார்த்தார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து, வீட்டைப் பூட்டி, தோளில் அந்தப் பையை மாட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் அத்தனை நேரம் ஆகியிருக்கிறது. வெயில் மண்டையைப் பிளந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மெரின் பைகளைப் பார்த்தாள். "எதுக்குண்ணா இதெல்லாம்?"

"முசியே இன்னைக்கி எதுக்குக் கூப்புட்டாரோ, யாருக்குத் தெரியும்" என்றார் வெற்றிச்செல்வன்.

பையை வாசலில் வைத்துவிட்டு அவரும் அந்த மூன்று பேரும் உள்ளே போனார்கள். கட்டிலின் நாலு காலருகிலும் நின்றுகொண்டார்கள். தூக்கவில்லை. வெற்றிச்செல்வன் குனிந்து அவர் காதருகே போய், "நெஜமாவா முசியே?" என்று கேட்டார்.

எல்லோரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.